அஃபிலியேட் கமிஷன்: தரகும் தர்மமும்

"தூங்கும்போதுகூட சம்பாதிக்கலாம்" என்று யாராவது அஃபிலியேட் மார்க்கெட்டிங் பற்றி ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவிதான் வரும். தூங்கும்போது சம்பாதிக்கிறது வட்டிக்கு விட்டவங்க மட்டும்தான் :-) அதுக்காக இதுல பணமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. அது எங்கேர்ந்து வருதுங்கிறதுலதான் எனக்கும் அந்த கோஷ்டிக்கும் சண்டை.

புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வரி. விஷயம் ரொம்பப் பழசு, நம்ம ஊர் தரகுதான். நீங்க கொடுக்கிற சுட்டி வழியா ஒருத்தர் கடைக்குள்ள போய் வாங்கினா, கடைக்காரர் உங்களுக்கு ஒரு பங்கு தருவார். அமேசான் இதை 1996-லயே ஆரம்பிச்சாச்சு. கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரி வரைக்கும் தமிழை ஏத்துக்கவே இல்லை. அதுவரை தமிழில் எழுதி நாலு காசு பார்க்க நினைச்சவங்களுக்கு இருந்த சில வழிகள்ல இதுவும் ஒண்ணு.

இப்ப கணக்குக்கு வருவோம். ஆயிரம் பேர் படிக்கிறாங்கன்னு வெச்சுக்குங்க. அதுல ஐம்பது பேர் சுட்டியை அமுக்குறாங்க, ரெண்டு பேர் வாங்குறாங்க. பொருள் 2500 ரூபாய், கமிஷன் 4 சதவீதம்னா மொத்த வரும்படி 200 ரூபாய். அதுவும் எப்ப? அமேசான்ல, சுட்டியை அமுக்கின 24 மணி நேரத்துக்குள்ள அவர் வாங்கணும், இல்லேன்னா கூடையிலாவது போட்டு வைக்கணும். "சம்பளம் வந்ததும் பாத்துக்கலாம்"னு மூடிட்டுப் போய், அடுத்த வாரம் நேரா கடைக்குப் போனா உங்களுக்கு நாமம்தான்.

இதைப் பார்த்ததும் எல்லாரும் செய்யறது ஒண்ணுதான். ஆயிரத்தைப் பத்தாயிரம் ஆக்க ஓடுவாங்க. சினிமா கிசுகிசு, ராசிபலன், "அதிர்ச்சி வீடியோ"ன்னு கூட்டம் சேர்ப்பாங்க. கூட்டம் வரும், வாங்க மாட்டாங்க. கிசுகிசு படிக்க வந்தவர்கிட்ட மிக்ஸி வித்தா யார் வாங்குவா? வாங்கினது அந்த ரெண்டு பேர். அவங்க ஏற்கெனவே வாங்கற முடிவோட, எதை வாங்கறதுன்னு குழம்பிப் போய் வந்தவங்க. எழுத வேண்டியது அவங்களுக்கு.

உதாரணத்துக்கு டேபிள் டாப் கிரைண்டர். "இரண்டு லிட்டர், வண்ணம் சிவப்பு, ஒரு வருட வாரண்டி"ன்னு அட்டைப்பெட்டியில இருக்கிறதையே திருப்பி எழுதினா, அதுக்கு அட்டைப்பெட்டியே போதும். உளுந்து அரைபட எவ்வளவு நேரம் ஆகுது, பக்கத்து ரூம்ல குழந்தை தூங்க முடியுமா, கல்லைத் தூக்கிக் கழுவ அம்மாவால முடியுதா, பெல்ட் போனா உள்ளூர்ல கிடைக்குதா... இதெல்லாம் ஆறு மாசம் மாவு ஆட்டினவங்களுக்குத்தான் தெரியும். கூடவே ஒரு வரி: "ரெண்டே பேர் இருக்கிற வீடா? மிக்ஸியே போதும், காசை மிச்சம் பண்ணுங்க." இந்த வரியால ஒரு கமிஷன் போகும். ஆனா இதைப் படிச்சவர் அடுத்த தடவை குக்கர் வாங்கும்போது உங்களைத் தேடி வருவார். அவர்தான் முதலீடு.

ஒரு எச்சரிக்கை. கிரைண்டருக்குக் கமிஷன் சில்லறைதான். ஹோஸ்டிங், கிரெடிட் கார்டு, ஆன்லைன் கோர்ஸ் பக்கம் போனா ஒரே ஆளுக்கு நூறுகளில், ஆயிரங்களில் கூடத் தருவாங்க. ஏன் அவ்வளவு தர்றாங்கன்னு ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கணும். அந்தப் பணம் நம்ம வாசகர்கிட்டேர்ந்துதான் திரும்ப எடுக்கப்படும்: ரெண்டாம் வருஷம் எகிறுகிற ரின்யூவல் கட்டணமா, கார்டு வட்டியா. நம்ம பேச்சை நம்பிக் கார்டு வாங்கி வட்டி கட்டுறவர் எங்கோ இருக்கிற யாரோ இல்லை. நம்ம எழுத்தைத் தொடர்ந்து படிக்கிற ஒருத்தர். நாமே வெச்சுக்காத கார்டை அவர் தலையில கட்டுறது எனக்குச் சரியாப் படலை.

மாட்டுச் சந்தையில துண்டைப் போட்டு, அதுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க. விலை மறைவா இருக்கும். ஆனா தரகர் யாருன்னு சந்தைக்கே தெரியும். இணையத்துல தலைகீழ். விலை வெட்டவெளிச்சம், தரகர்தான் துண்டுக்கு அடியில! நண்பர் மாதிரி பேசறார், உள்ளுக்குள்ள கமிஷன் ஓடுது. தரகு வாங்கறதுல தப்பே இல்லைங்க, உழைப்புக்குக் கூலி. அதை மறைக்கிறப்பதான் அது வேற பெயர் எடுக்குது.

சட்டமும் இதையே சொல்லுது. அமெரிக்காவில் 2009-ல் எஃப்.டி.சி. திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல், பணம் வாங்கிட்டுப் பரிந்துரைத்தால் வெளிப்படையாச் சொல்லணும்னு இணையத்தில் எழுதறவங்களுக்கும் தெளிவாக்கியது. இந்தியாவில் விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கி 2021-லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதேபோல வழிகாட்டுதல் கொடுத்திருக்காங்க. அமேசானும் தன் சுட்டியைப் போடறவங்க இதை அறிவிக்கணும்னு விதியே வெச்சிருக்கு. பக்கத்தோட அடியில எறும்பு எழுத்துல போடாதீங்க. சுட்டிக்கு முன்னாடியே, தமிழில்: "இதன் வழியா வாங்கினால் எனக்குச் சின்ன கமிஷன் வரும்." அவ்வளவுதான்.

"சொன்னா யாரும் அமுக்க மாட்டாங்களே?" அமுக்குவாங்க. பிடிச்சவருக்குக் கிடைக்கட்டுமேன்னு நினைக்கிற நல்ல மனசு நம்ம ஆட்களுக்கு உண்டு.

இன்னொண்ணு, இதை மட்டும் நம்பி வேலையை விட்டுடாதீங்க. 2020 ஏப்ரலில் அமெரிக்க அமேசான், வீட்டுப் பொருள்களுக்கான கமிஷனை 8-லிருந்து 3 சதவீதமாகவும், மளிகைக்கு 5-லிருந்து 1 ஆகவும் ஒரே வெட்டா வெட்டியது. வருஷக்கணக்கா உழைச்சவங்க வருமானம் பாதிக்கும் கீழே போச்சு. கடை அவங்களோடது, வீதத்தை அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. வாசகரோட நம்பிக்கை மட்டும்தான் உங்களோடது. அதை நாலு சதவீதத்துக்கு வித்துடாதீங்க மக்களே.

டிஸ்கி: இந்தப் பதிவில் எந்தச் சுட்டியும் இல்லை. தைரியமா எங்க வேணும்னாலும் அமுக்கலாம் :-)