யாருக்குத் திறந்த மூலம்?

டிசம்பர் 22 வந்தால் கும்பகோணத்தில் ராமானுஜன் படத்துக்கு மாலை விழும். 2012 முதல் அது தேசியக் கணித நாளும்கூட. சென்ற ஆண்டு அதையொட்டி ஊரில் ஐந்து நாள் பயிலரங்கு ஒன்று நடந்தது. இயங்கியல் அமைப்புகளுக்கான திறந்த மூல மென்பொருளை எல்லோரும் சேர்ந்து எழுதுவது நோக்கம். (இயங்கியல் என்றதும் மார்க்ஸைத் தேடும் தோழர்களுக்கு: இது வேறு. வயலில் புகையான் பெருகுவது, அணையில் தண்ணீர் ஏறி இறங்குவது என்று காலத்தோடு மாறுவதையெல்லாம் சமன்பாட்டில் பிடிக்கும் கணிதம்.) நடத்தியவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு நிறுவனத்தைத் திட்டினால் தீர்ந்துவிடும் விஷயமல்ல இது.

அம்மா நடவுக்குப் போகிறவர். என் முதல் கணினி, அரசு கொடுத்த இலவச மடிக்கணினி. மேட்லேப், மேத்தமெட்டிகா எல்லாம் காசுள்ள கல்லூரிகளின் சமாச்சாரம். அந்த விலைச் சுவருக்கு மாற்றாகத்தான் 2005இல் வில்லியம் ஸ்டைன் 'சேஜ்' என்ற கட்டற்ற கணித மென்பொருளைத் தொடங்கினார். 2006 முதல் 'சேஜ் டேஸ்' என்ற பெயரில் பல நாடுகளில் கணிதக்காரர்கள் கூடி அமர்ந்து அதை வளர்க்கிறார்கள். காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே ஒவ்வொரு வரியையும் படிக்கலாம், தவறிருந்தால் திருத்தி அனுப்பலாம். அனுப்புகிறவர் என்ன சாதி என்று மென்பொருள் கேட்காது. அதை நம்பித்தான் போனேன்.

மென்பொருள் கேட்கவில்லை. முதல் நாள் தேநீர் வேளையிலேயே மனிதர்கள் கேட்டுவிட்டார்கள்.

"எந்த ஊர்?"

"திருவிடைமருதூர் பக்கம்."

"பக்கம்னா? அங்க எந்தத் தெரு?"

டெல்டாவில் இது முகவரி விசாரிப்பதல்ல என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த கேள்வி, ஃபெலோஷிப் எதில் வருகிறது என்பது. மதியத்துக்குள் குழுக்கள் பிரிந்துவிட்டன. மையக் கணிப்பு நிரலை எழுத, "மாமா சௌக்கியமா?" என்று ஒருவரையொருவர் முன்பே விசாரித்துக்கொள்கிறவர்கள். ஆவணம் எழுதவும் சோதித்துப் பார்க்கவும் நானும், திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தோழரும்.

சோதித்தபோதுதான் பிழை சிக்கியது. லாஜிஸ்டிக் சமன்பாட்டில் வளர்ச்சி விகிதம் 3ஐத் தாண்டும்போது ஒற்றைச் சமநிலை குலைந்து, விடை இரண்டு மதிப்புகளுக்கிடையே மாறி மாறி வரத் தொடங்கும். 3க்குச் சற்றுக் கீழே சமநிலை உண்டு. ஆனால் அதை அடைய வெகுநேரம் பிடிக்கும், அதுவரை இருபக்கமும் ஊசலாடும். எங்கள் நிரல் குறிப்பிட்ட சுற்றுகளோடு நின்றுவிட்டு, அடங்காத அந்த ஊசலாட்டத்தையே இரட்டைச் சுழற்சி என்று அறிவித்துக்கொண்டிருந்தது. சமநிலைப் புள்ளியில் வகைக்கெழுவைக் கணக்கிட்டு முடிவெடுக்கும்படி மாற்றினேன். இரண்டு இரவு வேலை.

கடைசி நாளில் எல்லோருடைய திருத்தங்களையும் ஒன்றாகச் சுருக்கிச் சேர்த்தார்கள். 'கிட்' கருவியில் எழுதியவர் யார், சேர்த்தவர் யார் என்று பதிய இரண்டு தனி இடங்கள் உண்டு. இரண்டிலும் குழுத் தலைவரின் பெயர் இருந்தது. கூட்டாக எழுதியவர்களின் பெயரைச் சேர்க்க ஒரு வரி போதும். அந்த வரியும் இல்லை. கேட்டேன்.

"இது கூட்டு முயற்சி. இதுல போய் பேர் பாக்கலாமா?"

பெயர் பார்க்காதவரின் பெயர் மட்டும் அங்கே இரண்டு முறை இருந்தது.

இந்தத் துறையில் இது புதிதல்ல. 1950களில் லாஸ் அலமோஸில், மானியாக் கணினியில், ஃபெர்மி, பாஸ்தா, உலாம் மூவரின் பெயரால் புகழ்பெற்ற சோதனைக்கு நிரல் எழுதியவர் மேரி சிங்கூ என்ற பெண். 1955 அறிக்கையில் அவருக்குக் கிடைத்தது நன்றி மட்டும். 2008இல் தியரி டோசுவா அதை எழுதிக் காட்டிய பிறகுதான் நான்காவது பெயரையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார்கள்.

அன்று மாலை எல்லோரையும் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வாழ்ந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். யார் துணையுமின்றித் தானாக முளைத்த மேதை, நாமகிரித் தாயார் அருள் என்று ஒரு பேச்சு. தெருக்களில் எல்லோரும் நடக்கலாம் என்று சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்ததே 1924இல், ராமானுஜன் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து. அதைப் பற்றி அங்கே பேச்சில்லை.

ராமானுஜனின் கணிதத்தில் ஒரு வரியையும் நான் குறைக்கவில்லை. ஆனால் துணையுமின்றியா? நான் படித்த அதே கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்ற பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். எஃப்.ஏ. தேர்வில் அவர் தேறவே இல்லை. இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயர் அவரை மற்றவர்களிடம் அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912இல் துறைமுகத்தில் எழுத்தர் வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயர், அவரும் கணிதக்காரர். தேர்வில் தோற்ற இளைஞனைத் தாங்கிப் பிடிக்க அதிகாரமுள்ள கைகள் இத்தனை இருந்தன. நம் பிள்ளை ஒரு அரியர் வைத்தால் "கோட்டாவில் வந்தது" என்று தீர்ப்பெழுதுகிறார்கள். தாங்கிப் பிடித்த கைகளை மறைத்துவிட்டு மேதையை மட்டும் காட்டுவதுதான் 'தகுதி, திறமை' பேச்சின் முழு வித்தை.

ஆகவே உரிமத்தில் மட்டும் 'திறந்த' என்று எழுதிக்கொண்டால் போதாது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பயிலரங்குகளில் பங்கேற்பாளர் தேர்விலும், அதைவிட முக்கியமாக மைய நிரல் எழுதும் குழுக்களிலும், இடஒதுக்கீடு வேண்டும். யார் எந்த வரியை எழுதினார் என்ற பதிவை அழிக்காமல் சேர்க்க வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகளின் கணினி ஆய்வகங்களில், தமிழில் பேசி, இந்த வேலை நடக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் கேட்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அது ராமச்சந்திர ராவ் கிடைத்தவர்களுக்கான கதவு.

என் திருத்தத்தின் ஒவ்வொரு படியும் தேதியோடும் நேரத்தோடும் என் மடிக்கணினியில் இருக்கிறது. எங்கள் இருவர் பெயரையும் சேர்க்கக் கோரி, அந்தப் பதிவுகளையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். இன்றோடு ஏழு வாரம். பதில் இல்லை. அடுத்த வாரம் மறுபடி அனுப்புவேன்.