அரண்மனைக்கு ஓர் உத்தியோகம்

விளாங்குடியில் குடியிருப்பவனுக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்று உண்டு. வருகிற விருந்தாளிக்கெல்லாம் மதுரையைச் சுற்றிக் காட்டுவது! கோயிலும் மஹாலும் முடிந்தால் அடுத்து தமுக்கம். போன மாதம் வந்த என் மனைவியின் தம்பி, காந்தி மியூசியம் வாசலில் நின்று முகத்தைச் சுளித்தான்.

"என்ன மச்சான், ராணி அரண்மனைன்னு சொன்னீங்க... கவர்மென்ட் பங்களா மாதிரி இருக்கே?"

பயல் சொன்னது சரிதான். அதுவாகவும் இருந்த கட்டடம்தானே!

1689 முதல் 1706 வரை பேரனுக்காக நாட்டை ஆண்ட ராணி மங்கம்மாளின் கோடை மாளிகை இது என்பார்கள். வைகைக்கு வடக்கே, கோட்டைக்கு வெளியே, காற்று வாங்க ஒரு தோட்டத்து வீடு. மேலே உட்கார்ந்து யானைச் சண்டை வேறு பார்ப்பார்களாம். நமக்கு கிரிக்கெட் மாதிரி!

நாயக்கர் ஆட்சி போய் வெள்ளைக்காரர் வந்ததும் இங்கே கலெக்டர் குடியேறினார். 1955-ல் காந்தி நினைவு நிதியிடம் வந்தது. 1959-ல் மியூசியமாக நேரு திறந்து வைத்தார். காந்திஜியின் ரத்தக்கறை படிந்த துணி இங்கேதான் இருக்கிறது.

"ராணி இருந்த இடத்துல ஆபீஸர் குடித்தனமா? அநியாயம் மச்சான்!"

"மாப்ளே, அந்தக் குடித்தனம்தான் இதைக் காப்பாத்துச்சு" என்றேன்.

மங்கம்மாளின் கணவர் சொக்கநாத நாயக்கர் என்ன செய்தார்? தாத்தா திருமலை நாயக்கர் கட்டிய மஹாலிலேயே பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்கிறார்கள். சொந்தப் பேரன்! மிச்சத்தை 19-ம் நூற்றாண்டில் நேப்பியர் பிரபு பழுது பார்க்க வைத்தார். அங்கே கோர்ட் நடந்தது. கட்டுக் கட்டாக ஃபைல் சுமந்த குமாஸ்தாக்கள் புண்ணியத்தில் தூண்கள் நின்றன.

கோர்ட்டோ, பங்களாவோ, உள்ளே ஆள் புழங்கினால் நஷ்டமும் உண்டு. நடுவில் ஒரு தடுப்புச் சுவர் எழும்பும். கண்ட இடத்தில் ஆணி அடிப்பார்கள். ஆனால் மழைக்காலத்தில் "சார், கூரை ஒழுகுது" என்று எழுதிப்போட ஒருத்தன் இருப்பான். எஸ்டிமேட் வரும். ஆறு மாசம் கழித்தாவது கொத்தனார் வருவார். பூட்டிப்போட்ட அரண்மனைக்கு யார் எழுதிப்போடுவது? ஆலஞ்செடியா?

உங்கள் ஊரிலும் ஒரு ஜமீன் மாளிகையோ சத்திரமோ வௌவாலுக்கு வாடகையில்லாமல் விடப்பட்டிருக்கும். அதன் பெருமையை டீக்கடையில் பேசியது போதும். உள்ளே ஒரு லைப்ரரி வைக்கச் சொல்லி மனுப் போடுங்கள். ஒழுகினால் சொல்ல ஒரு லைப்ரரியனாவது இருப்பார்!