எத்தனை மணி நேரம் என்று கேட்காத விதி

அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ.யின் மொசைக் விதி 2025 ஜூலை 22 அன்று ஆஷ்கோஷ் விமானக் கண்காட்சியில் அறிவிக்கப்பட்டது. விமானி உரிமம் தொடர்பான பகுதி அக்டோபர் 22 முதல் நடைமுறை. விமானச் சான்று தொடர்பான பகுதிக்கு 2026 ஜூலை 24 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் விமானக் கிட் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகளெல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: பெரும்பகுதியைக் கட்டுபவரே செய்ய வேண்டும் என்ற 51 சதவீத விதி இனி தேவையா, இல்லையா? இந்த இதழ் விதியை வரவேற்கிறது. கூடவே ஒரு குறையும் உண்டு. இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். நடைமுறைச் செய்தி மட்டும் வேண்டுபவர்கள் அடுத்த மூன்று பத்திகளோடு ஷெட்டுக்குத் திரும்பிவிடலாம்.

முதலில் விமானி பக்கம். 1,320 பவுண்டு, 120 நாட், இரண்டு இருக்கை என்ற பழைய வேலி போய்விட்டது. ஸ்போர்ட் பைலட் ஓட்டும் விமானத்துக்கு இனி முக்கிய எல்லை வி.எஸ்.1 (ஃபிளாப் இறக்காத ஸ்டால் வேகம்) தான்: அதிகபட்ச எடையில், மிகக் கடுமையான ஈர்ப்பு மைய (சி.ஜி.) நிலையில், 59 நாட் சி.ஏ.எஸ். (கருவிப் பிழை திருத்திய வேகம்). தொழிற்சாலையில் செய்த செஸ்னா 172-க்கு இந்த எண்ணைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் விமானத்துக்கு அதை நீங்கள்தான் பறந்து அளந்தாக வேண்டும். ஃபேஸ் 1 சோதனைப் பறப்பு முடிந்ததும் பதிவேட்டில் எழுதும் வழக்கமான சான்று வாசகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் வி.எஸ்.ஓ. (ஃபிளாப் இறக்கிய ஸ்டால் வேகம்), வி.எக்ஸ்., வி.ஒய். ஏற்ற வேகங்கள், எடை, சி.ஜி. எல்லாம் இருக்கும். வி.எஸ்.1 இருக்காது. இருபது வருடமாகப் பறக்கும் ஆர்.வி. கிட் விமானங்களின் பதிவேட்டிலும் பெரும்பாலும் இதே நிலைதான். முன் சி.ஜி.யில், முழு எடையில் அளந்து, பிட்டாட்-ஸ்டாட்டிக் பிழையைத் திருத்தி, தேதியோடு எழுதிவையுங்கள். இண்டிகேட்டரில் தெரிந்த எண்ணை அப்படியே எழுதிவிட்டு அதையே சி.ஏ.எஸ். என்று சொல்ல வேண்டாம். ஸ்டாலுக்கு அருகில்தான் அந்தப் பிழை பெரிதாக இருக்கும். 59-க்குள் வர வேண்டும் என்பதற்காக கிராஸ் எடையைத் தாளில் மட்டும் குறைக்கும் யோசனை ஏற்கெனவே கிளம்பிவிட்டது. டேங்க் நிரப்பி இருவர் ஏறியதும் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

மருத்துவச் சான்று விஷயத்தில் இந்த விதி உண்மையிலேயே பெரிய உதவி. ஐம்பத்தைந்து வயதில் முதல் கட்டமான வால் கிட் வாங்கியவர் அறுபத்தெட்டில் முதல் பறப்புக்கு வருகிறார். இடையில் இதயத்துக்கோ கண்ணுக்கோ ஏதாவது வந்திருக்கும். இனி 59 நாட்டுக்குள் அடங்கும் தன் விமானத்தை ஓட்டுநர் உரிமத்தை வைத்தே அவர் ஓட்டலாம். முக்கிய நிபந்தனை, கடைசியாக விண்ணப்பித்த மருத்துவச் சான்று மறுக்கப்பட்டிருக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன் யோசியுங்கள். பிறகு யோசித்துப் பயனில்லை.

இனி சான்றுப் பகுதி. லைட் ஸ்போர்ட் வகைக்கு எடை வரம்பு இல்லை. வி.எஸ்.ஓ. 61 நாட் வரை, நான்கு இருக்கை வரை, தொழிற்சாலையே கட்டி விற்கலாம். இதன் நிழலில் நிற்பதுதான் இ-எல்.எஸ்.ஏ. (பரிசோதனை வகை லைட் ஸ்போர்ட்) கிட். தயாரிப்பாளர் ஒரு மாடலில் ஒரு விமானத்தையாவது முழுதாகக் கட்டி எஸ்-எல்.எஸ்.ஏ. (தொழிற்சாலை லைட் ஸ்போர்ட்) சான்று வாங்கியிருந்தால், அதே மாடலைக் கிட்டாகவும் விற்கலாம். வாங்குபவர் 51 சதவீதம் செய்தாரா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். கையேட்டில் உள்ளபடி, வரி மாறாமல் பூட்டியிருந்தால் போதும். ஆர்.வி-12 இந்த வழியில்தான் போனது. பழைய விதியில் இரண்டு இருக்கைக்கும் 1,320 பவுண்டுக்கும் அடைபட்டிருந்த வழி இப்போது நான்கு இருக்கைக் குடும்ப விமானத்துக்கும் திறக்கிறது. இறக்கை மூடி, உடல் மூடி, ஒயரிங் ஓட்டி, கேனோபி பொருத்தி வரும் கிட்டை விற்கச் சட்டத்தில் தடையில்லை. ஒரு விமானம் கட்டி முடிய எவ்வளவு காலம் ஆகும் என்பதை இதுவரை பெரும்பாலும் 51 சதவீத விதிதான் மறைமுகமாகத் தீர்மானித்தது. இனி விலைப்பட்டியல் தீர்மானிக்கும்.

இதில் தவறில்லை. ஆனால் புதிய கிட்டின் விளம்பரத்தில் 'இத்தனை மணி நேரத்தில் முடியும்' என்று ஓர் எண் வரும். அந்த எண்ணைச் சோதிக்க வாங்குபவரிடம் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. இந்தத் துறையில் ஒரு கிட் உண்மையில் எவ்வளவு காலம் எடுக்கிறது என்பதற்கு அதிகாரப்பூர்வமான கணக்கே கிடையாது. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது பழைய பாட்டு. இந்த விதி வந்த பிறகும் அதைப் பாட வேண்டியிருக்கிறது என்பதுதான் ஆத்திரம்.

அமெச்சூர் கட்டுமானத்துக்கான எஃப்.ஏ.ஏ.யின் படிவம் 8130-12 யார் கட்டினார், கிட்டா பிளானா, கூலிக்கு ஆள் வைத்தீர்களா என்று கேட்டு நோட்டரி முன் கையெழுத்து வாங்குகிறது. எப்போது தொடங்கினீர்கள், எத்தனை மணி ஆயிற்று என்று கேட்பதில்லை. 51 சதவீதச் சரிபார்ப்புப் பட்டியலும் வேலைகளைத்தான் எண்ணுகிறது, நேரத்தை அல்ல. ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலைக்கும் ஒரு மழைக்காலத்தை விழுங்கும் வேலைக்கும் அங்கே ஒரே டிக். எஞ்சின், புரொப்பெல்லர், ஏவியானிக்ஸ், பெயின்ட், இருக்கை உறை ஆகியவற்றுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. கட்டியவர்களைக் கேளுங்கள், காலம் போன இடம் பெரும்பாலும் அதுதான். ரிவெட் அடித்து உடல் நின்றதும் விமானம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். தளம் போட்டதும் புதுமனைப் புகுவிழாவுக்குப் பத்திரிகை அடித்த கதைதான் அது. ஃபயர்வாலுக்கு முன்னால் உள்ள வேலையும், ஃபைபர்கிளாஸ் தேய்ப்பும், பேனல் ஒயரிங்கும் அதற்குப் பிறகுதான் வரிசையில் நிற்கும்.

2,000 மணி என்று ஒரு தயாரிப்பாளர் சொல்கிறார் என்று வையுங்கள். வேலைக்குப் போகிறவர், பிள்ளைகள் உள்ளவர், வாரம் பத்து மணி ஒதுக்கினால் நான்கு வருடத்துக்கு அருகில் வருகிறது. எந்தக் குடும்பத்திலும் நான்கு வருடம் ஒரு வாரம்கூடத் தவறாமல் பத்து மணி கிடைப்பதில்லை. வீடு மாறுகிறது, வேலை மாறுகிறது, பெற்றோர் நோயில் விழுகிறார்கள். அந்த 2,000 பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது முடித்தவர்கள் சொன்ன எண். முடிக்காதவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்வியில் மிகவும் கசப்பான இடம் இதுதான். அரசுப் பதிவேட்டில் வருவது சான்று வாங்கிய விமானம் மட்டும். வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. விமானங்களில் முதல் பறப்பைக் கண்டவை 11,000-ஐத் தாண்டிவிட்டன. பெருமைப்பட வேண்டிய எண்ணிக்கை. ஆனால் இந்தத் துறை முழுவதிலும் விற்ற வால் கிட்டுகள் எத்தனை, அவற்றில் இறக்கை வரை போனவை எத்தனை, கராஜில் பழைய துணி போர்த்திக் கிடப்பவை எத்தனை? விற்ற கணக்கு தயாரிப்பாளரிடம் இருக்கிறது. சான்று கொடுத்த கணக்கு எஃப்.ஏ.ஏ.யிடம் இருக்கிறது. இரண்டையும் ஒரு மேசையில் வைக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. 2023-இல் வான்ஸ் கிட்டுகளில் லேசரில் வெட்டிய துளைகளில் விரிசல் தெரிந்தது. விலை ஏறியது. அந்த டிசம்பர் 4-இல் வான்ஸ் திவால் பாதுகாப்பு கோரி மறுசீரமைப்புக்குப் போனது. நிறுவனம் மீண்டது, நல்லது. அந்த ஒரு வருடத்தில் கைவிட்டவர்கள் எத்தனை பேர்? அப்படி ஒரு பத்தி எந்த அரசு அட்டவணையிலும் கிடையாது.

அதிகாரிகளுக்கு இந்தத் துறையில் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்கறை இருக்கிறது, வேறு இடத்தில். வாஷிங்டன் மாநிலம் ஆர்லிங்டனில் கிளாஸேர் நிறுவனம் ஸ்போர்ட்ஸ்மன் விமானத்தை 'இரண்டே வாரத்தில் டாக்ஸி' என்று கட்டவைத்தது. வாங்கியவர் தொழிற்சாலைக்கே வந்து, அங்குள்ளவர்களின் உதவியோடு, இரண்டு வாரத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். இப்படிப்பட்ட திட்டங்களைப் பார்த்ததும் எஃப்.ஏ.ஏ.யில் கூட்டங்கள் நடந்தன, குழு அமைத்தார்கள். 2008-இல் வந்த வரைவில், கட்டுபவர் தன் கையால் உருவாக்குவது 20 சதவீதம், பூட்டுவது 20 சதவீதம், மீதி 11 எதுவானாலும் சரி என்று தராசு பிடித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் அந்தப் பங்கீட்டைக் கைவிட்டு, 2009-இல் ஏ.சி. 20-27ஜி என்ற ஆலோசனைச் சுற்றறிக்கை வெளியானது. அத்தனை மேசைச் சண்டையிலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இவன் தன் கையால் செய்தானா? இவன் முடிப்பானா, முடிக்கும்போது பறக்கும் நிலையில் இருப்பானா என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் முடித்தவருக்கும் பன்னிரண்டு வருடத்தில் முடித்தவருக்கும் கிடைப்பது ஒரே சான்றிதழ்.

காலம் பாதுகாப்பு விஷயம் என்பதால்தான் இவ்வளவு பேச்சு. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி. 2012-இல் வெளியிட்ட ஆய்வு 2011-இல் நடந்த 224 சுயகட்டுமான விமான விபத்துகளை எடுத்துக்கொண்டது. 10 விபத்துகள் புதிதாகக் கட்டிய விமானத்தின் முதல் பறப்பில் நடந்தவை. 14, பிறர் கட்டியதை வாங்கியவர் அதில் முதல் முறை பறந்தபோது நடந்தவை. எஞ்சின் கோளாறும் கட்டுப்பாடு இழப்பும் முன்னணிக் காரணங்கள். இதோடு நமக்குத் தெரிந்த ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். எட்டு வருடம் கட்டியவரின் பணமும் ஞாயிற்றுக்கிழமைகளும் கிட்டுக்குப் போயின. பறப்புக்கு எதுவும் மிஞ்சவில்லை. ரிவெட் துப்பாக்கியில் தேர்ந்த கை ஸ்டிக்கில் துருப்பிடித்திருக்கும். எத்தனை வருடம் கட்டினார், அதில் எத்தனை மணி பறந்தார் என்ற இரு எண்களும் ஒரு விபத்து அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எவ்வளவோ விளங்கும். முதல் எண்ணை யாரும் சேகரிக்காததால் அந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

இரண்டாம் விமானியை முதல் பறப்பிலேயே ஏற்ற அனுமதித்த 2014-இன் ஏ.சி. 90-116 நல்ல ஏற்பாடு, அதற்கு நன்றி. ஆனால் 2021-இல் என்ன நடந்தது? ஒரு போர்விமான நிறுவனத்தின் வழக்கில் வந்த தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு, தான் கட்டிய விமானத்தில் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுத்துப் பயிற்சி எடுக்கக்கூட லோடா என்ற அனுமதிக் கடிதம் வாங்கச் சொன்னார்கள். துருப்பிடித்த கைக்குப் பயிற்சியாளர் வேண்டிய நேரத்தில் மின்னஞ்சலில் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்! 2022 இறுதியில் காங்கிரஸ் சட்டம் போட்டு அந்தக் கூத்தை முடித்துவைத்தது.

கட்டி முடிப்பதற்கும் பறப்பதற்கும் இடையே உள்ள தாள் காலம் தனி. ஆய்வுக்கு எஃப்.ஏ.ஏ. அலுவலகத்தில் ஆளில்லை என்றால் அது நியமித்த வெளி ஆய்வாளரான டி.ஏ.ஆரிடம் போக வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். இந்தியாவைப் பார்த்தால் அமெரிக்கத் தாமதம் கொஞ்சம் என்றே தோன்றும். மும்பை காந்திவலியில் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய விமானி அமோல் யாதவ், அதை 2016 பிப்ரவரியிலேயே மேக் இன் இந்தியா கண்காட்சியில் நிறுத்திவிட்டார். பதிவு கிடைத்தது 2017 நவம்பரில், பறக்க அனுமதி 2019 அக்டோபரில். அது கிட் அல்ல, சொந்த வடிவமைப்பு. ஆனாலும் உலோகம் தயாராகி மூன்றரை வருடத்துக்கு மேல் தாளுக்குக் காத்திருந்தது என்பதை மறந்துவிட முடியாது.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. படிவம் 8130-12-இல் இரண்டு வரி சேருங்கள்: தொடங்கிய தேதி, மொத்த மணி. புதிய விதியின்படி இ-எல்.எஸ்.ஏ. கிட் விற்பவர் தரக்கட்டுப்பாட்டு உறுதிமொழியில் எப்படியும் கையெழுத்திடத்தான் போகிறார். அவரிடமே ஆண்டுக்கொரு முறை விற்றது எத்தனை, பறந்தது எத்தனை என்று கேளுங்கள். ஸ்டால் வேகத்தை ஒரு நாட் அளவுக்கு நிறுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு எண்கள் எப்படிக் கண்ணில் படாமல் போயின?

பாதிக் கட்டுமானத்தில் இருப்பவர்களுக்கு: புதிய கிட் வரட்டும் என்று கையில் இருப்பதை நிறுத்திவைக்காதீர்கள். இ-எல்.எஸ்.ஏ. வழியில் சான்று வாங்கும்வரை ஒரு பிராக்கெட்டைக்கூட உங்கள் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. வேறு எஞ்சின், வேறு பேனல் என்று திட்டம் வைத்திருப்பவர்களுக்கு அமெச்சூர் பில்ட் வழிதான் இப்போதும் சரி. முதல் பறப்புக்கு ஆறு மாதம் முன்பே அதே வகை விமானத்தில் பயிற்சியாளரோடு பறக்கத் தொடங்குங்கள். பெயின்ட் காத்திருக்கும்.

அரசு கேட்கவில்லை என்பதற்காக நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. தொடங்கிய தேதி, முதல் பறப்புத் தேதி, வால், இறக்கை, உடல், ஃபயர்வால் முன்பகுதி, ஒயரிங், பெயின்ட் என்று பகுதிவாரியாக மணிக்கணக்கு, இடையில் நின்ற மாதங்கள், அந்தக் காலத்தில் பறந்த மணி ஆகியவற்றை இதழுக்கு எழுதி அனுப்புங்கள். பெயர் போட மாட்டோம். பாதியில் விற்றுவிட்டவர்கள்தான் எங்களுக்கு அதிகம் வேண்டும். அவர்கள் முதலில் எழுதட்டும்.