தவணை தவறினால் உரிமம் இல்லை: எஸ்ஆர்-22 யாரைக் காக்கிறது?

உரிமம் பறிக்கப்பட்ட ஓட்டுநர் ஒருவர் மீண்டும் சட்டப்படி வண்டியோட்ட விரும்பினால், அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அவர் மெய்ப்பிக்க வேண்டியது தாம் திருந்திவிட்டதை மட்டுமன்று. மூன்றாண்டுக் காலம் தவணை தவறாமல் கட்டத் தம்மால் முடியும் என்பதையும்தான். இந்த இரண்டாவது மெய்ப்பித்தலின் பெயர் எஸ்ஆர்-22. பொறுப்புணர்வை வளர்க்கும் ஏற்பாடென்று இதனைப் புகழ்வோர் பலர். ஓட்டுநரின் நடத்தைக்கேற்பக் காப்பீட்டுக் கட்டணம் உயர வேண்டும் என்ற கருத்து இந்தியாவிலும் ஒழுங்குமுறை ஆணையத்தின் மேசைவரை வந்துவிட்ட நிலையில், அந்தப் புகழ்ச்சியை உரசிப் பார்ப்பது அவசியமாகிறது.

முதலில் ஒரு தெளிவு. எஸ்ஆர்-22 என்பது காப்பீடு அன்று. குறிப்பிட்ட ஓட்டுநரிடம் சட்டம் கோரும் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறது என்று காப்பீட்டு நிறுவனம் மாநில வாகனத் துறையிடம் தாக்கல் செய்யும் சான்று அது. மது அருந்தி ஓட்டியவர், காப்பீடின்றி ஓட்டியவர், உரிமம் நிறுத்தப்பட்ட காலத்தில் ஓட்டியவர், விபத்து வழக்கில் நீதிமன்றம் விதித்த தொகையைச் செலுத்தாதவர் முதலானோரிடம் இது கோரப்படுகிறது. தாக்கல் கட்டணம் சில பத்து டாலர்களே. உண்மையான சுமை, ‘அதிக அபாயமுள்ளவர்’ என்ற முத்திரையோடு ஏறும் காப்பீட்டுக் கட்டணம். சொந்த வண்டி இல்லாதவரும் தப்ப முடியாது. உரிமத்தைத் திரும்பப் பெற, வண்டி இல்லாதோருக்கென விற்கப்படும் தனிக் காப்பீட்டை அவர் வாங்கியாக வேண்டும். தவணை நின்று காப்பீடு முறிந்தால் நிறுவனம் எஸ்ஆர்-26 என்ற அறிவிப்பை அனுப்பும். உரிமம் மறுபடியும் நிறுத்தப்படும். பல மாநிலங்களில் மூன்றாண்டுக் கணக்கும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

இந்த இறுதிக் கட்டத்தில்தான் ஏற்பாட்டின் இயல்பு வெளிப்படுகிறது. மது அருந்தி ஓட்டியதும், வேலையிழந்த மாதத்தில் தவணை கட்டாமல் விட்டதும் ஒரே விளைவைத் தருகின்றன. முன்னது பிறர் உயிருக்கு இழைத்த ஆபத்து. பின்னது கையில் பணமில்லாமை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கும் சட்டம் எதைத் தண்டிக்கிறது என்ற கேள்விக்கு அதன் ஆதரவாளர்கள் விடை சொல்ல வேண்டும்.

இதன் வேர் 1920களில் இருக்கிறது. மோட்டார் வண்டிகள் பெருகி, அடிபட்டவர்கள் இழப்பீடு கிடைக்காமல் தவித்தபோது இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. மாசசூசெட்ஸ் மாநிலம் 1927 முதல் எல்லா வண்டிகளுக்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. கனெக்டிகட் 1925இல் வேறொரு பாதையைத் தேர்ந்தது: விபத்தோ குற்றமோ நேர்ந்த பின், குறிப்பிட்ட ஓட்டுநர் தம் நிதிப்பொறுப்பை மெய்ப்பிக்க வேண்டும். அந்த இரண்டாம் பாதையில் முதல் விபத்தில் அடிபட்டவருக்கு எந்த உறுதியும் இல்லை. வருங்காலத்தில் அடிபடப்போகும் யாரோ ஒருவருக்கே உறுதி. பிற்காலத்தில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் கட்டாயக் காப்பீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஆயினும் பழைய கருவி கைவிடப்படவில்லை. எல்லோரும் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்று ஆனபின், சிலரிடம் மட்டும் தனிச் சான்று கேட்பதன் எஞ்சிய பயன் என்ன? காப்பீடு நடப்பில் உள்ளதா என்று கண்காணிப்பதுதான் என்பார்கள். டெக்சஸ் போன்ற மாநிலங்கள் ஒவ்வொரு வண்டியின் காப்பீட்டையும் மின்னணுத் தரவுத்தளத்தின் வழியாகச் சரிபார்க்கும் ஏற்பாட்டை என்றோ செய்துவிட்டன. அதற்குப் பிறகும் அங்கே எஸ்ஆர்-22 நீடிக்கிறது என்றால், எஞ்சி நிற்பது முத்திரை குத்தும் வேலை மட்டுமே.

பணத்தையும் உரிமத்தையும் முடிச்சுப் போடுவதன் ஆபத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1971இல் இருமுறை எதிர்கொண்டது. பெல் எதிர் பர்சன் வழக்கில், ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூர்களுக்குக் காரில் சென்று ஊழியம் செய்த மதகுரு ஒருவரின் வண்டியின் பக்கவாட்டில், மிதிவண்டியில் வந்த ஐந்து வயதுச் சிறுமி மோதினாள். அவரிடம் காப்பீடு இல்லை. கோரப்பட்ட இழப்பீட்டுக்கு ஈடான பிணையத்தைக் கட்டாவிட்டால் உரிமம் நிறுத்தப்படும் என்றது மாநிலம். தவறு யாருடையது என்பதைக் கேட்கவே மறுத்தது. பிழைப்புக்கு இன்றியமையாத உரிமத்தைப் பொறுப்பு குறித்த விசாரணையின்றிப் பறிப்பது முறையான சட்ட நடைமுறைக்கு முரண் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரஸ் எதிர் காம்பெல் வழக்கில், திவால் சட்டத்தின்கீழ் விபத்துக் கடனிலிருந்து விடுவிக்கப்பட்டவரின் உரிமத்தை அதே கடனைக் காட்டி நிறுத்திவைத்த அரிசோனாச் சட்டம் செல்லாது என்றாயிற்று. உரிமத்தைக் கடன் வசூலிக்கும் கருவியாக்குவதற்கு எல்லை உண்டு என்பதே இரண்டும் தரும் பாடம். எஸ்ஆர்-22 அந்த எல்லையைச் சட்டப்படி மீறவில்லை என்பது உண்மை. ஆனால், தவணை என்ற மென்மையான பெயரில் அதே இடத்துக்கு அது வேறு வழியாக வந்து சேர்கிறது.

இனி, யாருக்காக இந்த ஏற்பாடு என்று சொல்லப்படுகிறதோ, அந்த அடிபட்டவரைப் பார்க்கலாம். கலிபோர்னியாவில் சட்டம் கோரிய குறைந்தபட்சக் காப்பீடு, காயமுற்ற ஒருவருக்கு 15,000 டாலர். பல பத்தாண்டுகள் மாறாதிருந்த அந்தத் தொகை 2025 ஜனவரியில்தான் 30,000 டாலராக உயர்ந்தது. அமெரிக்க மருத்துவமனைக் கட்டணங்களை அறிந்தவர்களுக்கு இந்தத் தொகையின் சிறுமையை விளக்க வேண்டியதில்லை. ஃபுளோரிடாவின் நிலை இன்னும் விசித்திரமானது. அங்கே சாதாரண ஓட்டுநர் பிறருக்கு ஏற்படுத்தும் உடற்காயத்துக்கான பொறுப்புக் காப்பீட்டை எடுக்க வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் நெடுங்காலமாக இல்லை. மது அருந்தி ஓட்டித் தண்டனை பெற்றவரோ எஃப்ஆர்-44 என்ற சான்றின்கீழ் ஒருவருக்கு 1,00,000 டாலர் வரையிலான காப்பீடு வைத்திருக்க வேண்டும். ஆக, ஒருவரின் முறிந்த எலும்புக்குக் கிடைக்கும் ஈடு, இடித்தவரின் பழைய குற்றப் பதிவைப் பொறுத்தது! குற்றப் பதிவு இல்லாதவர் இடித்தாலும் வலி அதேதான். அடிபட்டவரின் உரிமையே அடிப்படை என்றால், உயர்ந்த காப்பீடு எல்லா வண்டிகளுக்கும் இருந்திருக்க வேண்டும். குற்றவாளிக்கு மட்டும் உயர்த்தியதன் பொருள், அது காப்பு என்ற உடை போர்த்திய அபராதம் என்பதே.

அபராதம் என்றே கொண்டாலும் அது நேர்மையான அபராதம் அன்று. நீதிமன்றம் விதிக்கும் அபராதத்துக்கு அளவு உண்டு, மேல்முறையீடு உண்டு. இந்த அபராதத்தின் அளவைத் தீர்மானிப்பது சந்தை. பல மாநிலங்களில் கட்டணக் கணக்கில் ஓட்டுநரின் நடத்தை மட்டுமின்றி, அவருடைய கடன் மதிப்பெண்ணும் அவர் குடியிருக்கும் பகுதியும் சேர்கின்றன. கலிபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்களே கார் காப்பீட்டில் கடன் மதிப்பெண்ணை விலக்கியுள்ளன. ஒரே குற்றம் செய்த இருவரில் ஏழைப் பகுதியில் வாழ்பவர், கடனில் சிக்கியவர் கூடுதலாகச் செலுத்துகிறார். பேருந்தே வராத ஊரில் வாழும் கிடங்குத் தொழிலாளி ஒருவர் அந்தத் தொகையைக் கட்ட இயலாமல் போனால் என்ன செய்வார்? வேலைக்குப் போயாக வேண்டும், உரிமமின்றியே ஓட்டுவார். பிடிபட்டால் புதிய குற்றம், புதிய நிறுத்தம், மறுபடி எஸ்ஆர்-22. பிடிபடாமல் யாரையாவது இடித்துவிட்டால், அடிபட்டவருக்குக் காப்பீட்டிலிருந்து ஒரு காசும் கிடையாது. அடிபட்டவரைக் காக்கப் பிறந்த சான்று, காப்பீடற்ற ஓட்டுநர்களை உற்பத்தி செய்யும் ஆலையாக மாறுவது இப்படித்தான்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. குடித்துவிட்டு ஓட்டியவரும் கவனமாக ஓட்டியவரும் ஒரே கட்டணம் செலுத்தினால், கவனமானவர் மற்றவரின் சுமையைச் சுமக்கிறார் அல்லவா? சுமக்கிறார். ஆனால் மாற்று என்ன? அபாயமானவர் உண்மையிலேயே சாலைக்குத் தகுதியற்றவர் என்றால், அவர் எவ்வளவு பணம் கட்டினாலும் உரிமம் தரக்கூடாது. தகுதி பெற்றுவிட்டார் என்றால், பணம் இல்லை என்பதற்காக மறுக்கக்கூடாது. தகுதியை அளக்கத் தேர்வு உண்டு, பயிற்சி உண்டு, மூச்சில் மது இருந்தால் வண்டியைக் கிளம்பவிடாத கருவி உண்டு. இவை நடத்தையை நேராகத் தொடுகின்றன. தவணை ரசீது அதைத் தொடுவதில்லை. வசதியுள்ள குடிகாரருக்கு அது ஒரு செலவுக் கணக்கு மட்டுமே.

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டம் இந்த விஷயத்தில் அமெரிக்காவுக்குப் பின்தங்கியது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அடிப்படைக் கொள்கையில் நிலைமை நேர்மாறானது. இங்கே மூன்றாம் தரப்புக் காப்பீடு வண்டியைச் சார்ந்தது. உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் தொகை வரம்பின்றிப் பொறுப்பேற்பது நெடுநாள் மரபு. ஓட்டுநரின் உரிமம் போலியாகவே இருந்தாலும், காப்பீட்டு நிறுவனம் முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற கொள்கையை 2004இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. அடிபட்டவரின் உரிமை ஒரு தளம்; தவறு செய்தவரின் கணக்கு வேறொரு தளம். 2019ஆம் ஆண்டுத் திருத்தமும், தகுதியிழப்பின்போது ஒப்படைத்த உரிமத்தைத் திரும்பப் பெற மறுபயிற்சியை நிபந்தனையாக்கியதே தவிர, காப்பீட்டுச் சான்றை அல்ல.

இந்தப் பிரிவினையைக் கலைக்கும் முயற்சி தொடங்கிவிட்டது. காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் அமைத்த செயற்குழு ஒன்று, போக்குவரத்து விதிமீறல்களுக்குப் புள்ளிகள் கணக்கிட்டுத் தனிக் காப்பீட்டுக் கட்டணம் வசூலிக்கலாம் என 2021 ஜனவரியில் பரிந்துரைத்தது. மது அருந்தி ஓட்டினால் 100 புள்ளிகள், தவறான இடத்தில் நிறுத்தினால் 10 என்று பட்டியலும் இட்டது. காப்பீடு வண்டிக்கு உரியதாக உள்ள நாட்டில், ஓட்டியவரின் குற்றம் உரிமையாளரின் கட்டணத்தில் ஏறும். லாரி உரிமையாளர் அந்தத் தொகையை எவர் கூலியிலிருந்து பிடிப்பார் என்பது ஊரறிந்த செய்தி. இன்னொன்றும் உண்டு: நாட்டில் ஓடும் வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை நடப்பில் காப்பீடு இல்லாதவை என்று நாடாளுமன்ற அறிக்கைகளே கூறுகின்றன. அவற்றுள் இருசக்கர வாகனங்களே மிகுதி. கட்டணத்தை உயர்த்தும் ஒவ்வொரு படியும் அந்தக் கூட்டத்தை மேலும் பெருக்கும். இடிபட்டவர் நீதிமன்றத்தில் வெல்லும் தீர்ப்பு, வசூலிக்க ஆளில்லாத காகிதமாகும்.

செய்ய வேண்டியது வேறு. அடிபட்டவருக்கான உறுதியை எல்லா வண்டிகளின் மீதும் பரப்ப வேண்டும்; காப்பீடற்ற வண்டி இடித்தாலும், இடித்துவிட்டுத் தப்பி ஓடினாலும் பொது நிதியிலிருந்து உரிய தொகை கிடைக்க வேண்டும். இடித்துவிட்டுத் தப்பி ஓடிய வாகனத்தால் நேர்ந்த மரணத்துக்கு இன்று தரப்படும் 2 லட்சம் ரூபாய் ஒரு குடும்பத்துக்கு எத்தனை மாதம் வரும் என்பதைச் சட்டம் இயற்றுவோர் கணக்கிட வேண்டும். தவறு செய்த ஓட்டுநருக்குரிய தண்டனையை நீதிமன்றமும், அவருடைய தகுதியை உரிமம் வழங்கும் அலுவலகமும் தீர்மானிக்கட்டும். இவ்விரண்டு வேலைகளையும் காப்பீட்டு நிறுவனத்தின் கட்டணப் பட்டியலிடம் ஒப்படைப்பது, அரசு தன் கடமையை விலைக்கு விற்பதாகும். அப்படி விற்ற நாட்டில் பணமுள்ள குற்றவாளி ஓட்டுகிறார். பணமில்லாதவர் ஒளிந்து ஓட்டுகிறார். இடையில் நடந்து செல்பவரைக் காக்க எந்தச் சான்றும் இல்லை.