கண்டவர் சிரியாத சோலை

சித்திரை பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கிற்குத் திருவிழாக் களை வந்துவிடும். சித்ரா பௌர்ணமியன்று, ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டும், கூடலூருக்கு மேலே மலையுச்சியில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோட்டத்திற்கு மக்கள் ஏறிச் செல்வர். அதையடுத்து முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. எமது சிறுவயதில் அத்திருவிழாவின் ராட்டினங்களுக்கு அப்பால் ஒரு கூடாரம் இருந்தது. மனிதத் தலையும் பாம்புடலும் கொண்ட பெண் பேசுவாள் என்று ஒலிபெருக்கி அழைக்கும். கண்ணாடியும் கறுப்புத் துணியும் செய்த மாயம் அது என்பது பின்னாளில்தான் புரிந்தது. அந்தப் பெட்டிக்குள் நாள் முழுதும் கழுத்தை அசைக்காமல் அமர்ந்திருந்த பெண்ணைப் பற்றி நாம் அன்று ஒரு கணமும் எண்ணியதில்லை. அவரேனும் கடை மூடியதும் பெட்டியைவிட்டு எழுந்து, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சாதாரணப் பெண்ணாக வீதியில் நடந்திருப்பார். தம் உடலே காட்சிப் பொருளாகிவிட்டவர்களுக்கு அந்த விடுதலை வாய்ப்பதில்லை.

இந்த எண்ணத்தை எமக்குள் கிளறியது ஒரு வகுப்பறை நிகழ்ச்சி. கலித்தொகையின் மருதக்கலியில் 94ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தோம். அரண்மனைப் பணியாளர்களான ஒரு குறளனும் ஒரு கூனியும் எதிரெதிரே நின்று உரையாடும் பாடல் அது. இருவரும் ஒருவர் உடலை மற்றவர் எள்ளி நகைப்பர். சூதாட்டப் பலகையை நிமிர்த்தி வைத்தாற்போல் இருக்கிறாய் என்று அவள் ஏசுவாள். உன்னை எப்பக்கம் நின்று தழுவுவது என்று அவன் கேட்பான். வகுப்பு சிரித்தது, நாமும் சேர்ந்து சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. முதல் வரிசையில் அமர்ந்திருந்த, உயரம் மிகக் குறைந்த ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. பாடம் முடிந்து எல்லோரும் சென்றபின் அவர் எம்மிடம் வந்து, "கடைசியில அவங்க ரெண்டு பேரும் ஏன் சோலைக்குப் போறாங்கன்னு எனக்குத் தெரியுங்கய்யா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு பாடலை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். ஏச்சு ஓய்ந்து இருவரும் இணங்கிய பிறகு ஒரு சிறு தயக்கம் வருகிறது. அரசனின் கோயிலுக்குள் நம்மைக் காண்போர் சிரிக்கக்கூடாது. ஆகையால் வெளியே சோலைக்குப் போவோம் என்பதே அவர்கள் எடுக்கும் முடிவு. இத்தனை ஆண்டுகளாக இப்பாடலை நகைச்சுவை என்றே நடத்தி வந்திருக்கிறோம். தங்களைப் பார்த்துச் சிரிக்கும் கண்கள் சூழ்ந்திருப்பதை நன்கறிந்த இருவர், அக்கண்கள் எட்டாத ஓரிடத்தைத் தேடுகிறார்கள் என்ற செய்தி அதற்குள் இருப்பதை எமக்குக் காட்டிக் கொடுத்தவர் அம்மாணவியே.

சிலப்பதிகாரத்திலும் இவர்கள் இருக்கிறார்கள். தீக்கனாக் கண்ட கோப்பெருந்தேவி பாண்டியனிடம் வரும்போது அவளைச் சூழ்ந்து வரும் பணியாளர் கூட்டத்தில் கூனரும் குறளரும் ஊமையரும் உண்டு. அங்கே அவர்களுக்குப் பெயரில்லை, பேச்சில்லை. அரசியின் பெருமையைக் காட்டும் அணிகலன்களைப்போல் வந்து மறைகிறார்கள். கலித்தொகைப் புலவர் அவர்களுக்கு வாய் கொடுத்தார் என்பது சிறிய செய்தியன்று.

அரண்மனையின் இடத்தில் பிற்காலத்தில் கட்டணக் கூடாரம் வந்தது. லண்டனில் 'அயர்லாந்து அரக்கன்' என்று காட்டப்பட்ட சார்லஸ் பைர்ன் 1783இல் இறந்தபோது அவருக்கு வயது 22. இறந்த பின்னும் தம்மை அறுத்துப் பார்ப்பார்களோ என்று அஞ்சி, உடலைக் கடலில் இட்டுவிடுமாறு அவர் வேண்டியிருந்தார். ஆயினும் ஜான் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் அவ்வுடலைக் கைப்பற்றினார். அவருடைய பெயரிலான அருங்காட்சியகம் 2023இல் மீண்டும் திறக்கப்பட்டபோதுதான் அந்த எலும்புக்கூடு காட்சியிலிருந்து நீக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் சாரா பார்ட்மன் 1810இல் லண்டனில் காட்டப்பட்டு, 1815இல் பாரிசில் இறந்தார். அவருடைய எச்சங்கள் 1970கள் வரை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. தாய்மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது 2002இல். நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. ஒரிசாவில் ஒட்டிப் பிறந்த சகோதரியரான ராதிகாவும் தூதிகாவும் சிறுவயதிலேயே ஐரோப்பாவிற்குக் கொண்டு செல்லப்பட்டு மேடைகளில் காட்டப்பட்டனர். 1902இல் பாரிசில் டாக்டர் டுவாயன் அவர்களைப் பிரித்தார். அந்த அறுவையும் திரைப்படமாகப் பிடிக்கப்பட்டது. தூதிகா சில நாட்களில் இறந்தாள். ராதிகா மறு ஆண்டு இறந்தாள்.

இவற்றைப் படிக்கும் எவருக்கும், இத்தகைய காட்சிகளை அடியோடு ஒழித்திருக்க வேண்டும் என்றே தோன்றும். எமக்கும் அவ்வாறே தோன்றியது. ஆனால் வரலாற்றில் வேறு வகையான மனிதரும் இருக்கிறார்கள். சயாமில் 1811இல் ஒட்டிப் பிறந்த சாங்கும் எங்கும் 21 வயதானதும் தம்மைக் காட்டிப் பொருளீட்டியவர்களை விட்டு விலகி, தம் காட்சியைத் தாமே நடத்தினர். பின்பு வட கரோலினாவில் நிலம் வாங்கி, மணம் முடித்து வாழ்ந்தனர். அவர்களும் அங்கே அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரான்சில் உயரம் குறைந்தவர்களைத் தூக்கி எறியும் கேளிக்கையை 1991இல் ஒரு நகரத் தலைவர் தடை செய்தபோது, எறியப்படுபவரான மானுவேல் வாக்கன்ஹைமே தடையை எதிர்த்து வழக்காடினார். தமக்கு வேறு வேலை கிடைப்பதில்லை, வேலையில்தான் தம் மானம் இருக்கிறது என்பது அவர் வாதம். 1995இல் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றமும், 2002இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவும் அவருக்கு எதிராகவே முடிவு செய்தன. அந்தக் கேளிக்கையை நாம் ஒப்பவில்லை. ஆயினும் அவரது மானத்தைப் பற்றி எல்லோரும் தீர்ப்புச் சொன்ன வழக்கில், அவர் சொன்னது மட்டும் எடுபடவில்லை என்பது உறுத்துகிறது.

நம் சர்க்கஸ் கோமாளிகளின் கதையும் இதற்கு அப்பாற்பட்டதன்று. 1901இல் தலச்சேரி அருகே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பயிற்சிப் பள்ளி தொடங்கிய காலந்தொட்டு வளர்ந்த கலை இது. ஒரு வித்தைக்கும் அடுத்த வித்தைக்கும் இடையில் கயிறும் வலையும் கட்டும்வரை கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைப்பவர் கோமாளி. விழுவதுபோல் நடித்து விழாமலிருக்க அவர் பெறும் பயிற்சி சிறிதன்று. 1998இல் புலி, சிங்கம் போன்ற விலங்குகளுக்கும், 2011இல் உச்ச நீதிமன்ற ஆணையால் குழந்தைகளுக்கும் சர்க்கஸிலிருந்து விடுதலை கிடைத்தது, இரண்டும் நியாயமானவையே. ஆனால் கூடாரங்கள் சுருங்கியபோது வேலையிழந்த கோமாளி எங்கே போனார் என்று கேட்டவர் எத்தனை பேர்?

திரைப்படமும் இவ்வகையில் மாறுபடவில்லை. 1989இல் வந்த 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் சர்க்கஸ் கோமாளி அப்புவாகக் கமல்ஹாசன் நடித்ததைத் தமிழகமே வியந்தது. உண்மையிலேயே உயரம் குறைந்தவர்கள் அவரைச் சுற்றி ஆடினார்கள்; கோப்பெருந்தேவியைச் சூழ்ந்து வந்தவர்களைப்போல அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது. பல படங்களில் நம்மைச் சிரிக்க வைத்து 2013இல் மறைந்த நடிகருக்கோ உடலே பெயராகிவிட்டது: குள்ளமணி. எமது மலைக்கு அப்பால் கேரளத்தில் மட்டும் ஒரு மாற்றத்தைக் கண்டோம். 'அற்புதத் தீவு' (2005) படத்தின் நாயகனான, 76 சென்டிமீட்டர் உயரமுள்ள அஜய்குமார், 2013இல் தாமே ஒரு படத்தை இயக்கினார். யாரை எங்கிருந்து பார்ப்பது என்பதை அவர் முடிவு செய்தார்.

இன்று கூடாரத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. எல்லோர் கையிலும் கூடாரம் இருக்கிறது. சில நாட்கள் கழித்து அம்மாணவியே சொன்னார்: வீரபாண்டித் திருவிழாவுக்கு அவர் குடும்பத்தோடு விடியற்காலை நான்கு மணிக்குச் சென்று, கூட்டம் சேருமுன் திரும்பிவிடுவாராம். ஒருமுறை யாரோ கைபேசியில் அவரைப் படமெடுத்து, சிரிப்புப் பாட்டொன்றைச் சேர்த்துப் பரப்பிவிட்டார்களாம். பழைய கூடாரத்தில் நின்றவருக்கு ஒரு கூலியாவது கிடைத்தது. ஆட்டம் முடிந்தால் திரையாவது விழுந்தது.

சட்டம் இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயரக் குறைவையும் தன் 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. பொதுவிடத்தில் வேண்டுமென்றே அவர்களை இழிவுபடுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் திரைப்படங்களில் இவர்களைச் சித்திரிப்பதற்கு நெறிகளும் வகுத்தது. ஆனால் வகுப்பறையில் எழும் சிரிப்புக்குச் சட்டம் வராது. அங்கே ஆசிரியர்தான் வர வேண்டும்.

இவர்களைப் பார்க்கவே கூடாது என்று நாம் கூறவில்லை. மேடையேற விரும்புபவர் ஏறட்டும். அவர் கலைக்குரிய கூலியும் பெயரும் அவருக்குச் சேரட்டும். மேடையை விட்டு இறங்கியதும் அவரைப் பார்ப்பதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். கலித்தொகையின் இருவர் கேட்டது அவ்வளவுதான். அந்த 94ஆம் பாடலை இவ்வாண்டு மீண்டும் நடத்தவிருக்கிறோம். இம்முறை பாடலின் கடைசிப் பகுதியிலிருந்து, அவர்கள் ஏன் சோலைக்குப் போகிறார்கள் என்ற கேள்வியோடு தொடங்க எண்ணியிருக்கிறோம்.