வண்டிக்குப் பிள்ளையா? பிள்ளைக்கு வண்டியா?

சேலம், நாமக்கல் சீமையில் லாரியைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. ஓமலூரில் மேட்டூர் சாலை பிரியும் இடத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும். பெங்களூருக்குப் போகும் லாரி, மேட்டூருக்குத் திரும்பும் லாரி என்று வரிசையாகக் கண்ணில் படும்.

அந்த லாரி டிரைவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "பாரம் ஏற்றிய லாரி அதிகமாகக் குலுங்குமா? காலி லாரி அதிகமாகக் குலுங்குமா?"

"காலி லாரிதான்!" என்று உடனே பதில் வரும்.

காரணம் என்ன? லாரிக்கு அடியில் இருக்கும் கமான் பட்டைகள், பல டன் பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. பாரம் இருந்தால் பட்டை வளைந்து கொடுக்கும். பாரம் இல்லாவிட்டால் வளையாது. சக்கரம் பள்ளத்தில் விழும்போது, அந்த அடி முழுவதும் மேலே வந்து சேரும்.

பெரியவர்களுக்காகச் செய்த வண்டியில் ஒரு சிறுவன் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதுவும் காலி லாரிதான்! இந்தச் சின்ன உண்மையைப் பெற்றோர்கள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நான்கு சக்கரக் குதிரை

மோட்டார் சைக்கிளைப் போலக் கைப்பிடி. குதிரையைப் போலக் கால் பரப்பி உட்காரும் ஆசனம். நான்கு தடித்த சக்கரங்கள். மேடு, பள்ளம், மணல், சேறு எல்லாவற்றிலும் போகும் வண்டி. இதை ஏ.டி.வி. என்று அழைக்கிறார்கள். மலை வாசஸ்தலங்களிலும் பொழுதுபோக்குப் பூங்காக்களிலும் இதைப் பலர் பார்த்திருக்கலாம்.

இதன் மூதாதை ஜப்பானில் பிறந்தது. 1970-ம் ஆண்டு ஹோண்டா கம்பெனி மூன்று சக்கர வண்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அமெரிக்காவில் அது அமோகமாக விற்றது. ஆனால் மூன்று சக்கர வண்டிகள் அடிக்கடி கவிழ்ந்தன. குழந்தைகள் பலர் காயம் அடைந்தார்கள். பலர் இறந்தும் போனார்கள். முடிவில், 1988-ம் ஆண்டு அமெரிக்க அரசுக்கும் கம்பெனிகளுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. 90 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சின் உள்ள வண்டியை 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்று விற்கக் கூடாது என்றும் முடிவாயிற்று.

அந்த நாட்டின் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 16 வயது ஆகாத யாரும் இந்த வண்டியை ஓட்டவே வேண்டாம் என்பது அதன் அறிவுரை.

இருந்தாலும், உலகின் பல நாடுகளில் சிறுவர் பந்தயங்கள் நடக்கின்றன. அங்கே அனுபவம் உள்ள பெற்றோர்கள் முதலில் எஞ்சினைப் பார்ப்பதில்லை. ஸ்பிரிங்கைத்தான் பார்க்கிறார்கள்!

ஸ்பிரிங்கும் எண்ணெயும்

சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இருப்பது ஷாக் அப்சார்பர். அதில் இரண்டு பாகங்கள் உண்டு.

ஒன்று, சுருள் ஸ்பிரிங். அது பாரத்தைத் தாங்குகிறது.

மற்றொன்று, எண்ணெய் நிரம்பிய குழாய். அதற்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. சிறு துளைகளின் வழியாக எண்ணெய் மெதுவாகப் பாய்கிறது. இதுதான் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. எண்ணெய்க் குழாய் இல்லாவிட்டால், தரையில் போட்ட ரப்பர் பந்து போல வண்டி குதித்துக் கொண்டே இருக்கும்.

இந்த இரண்டையும் ஓட்டுகிற பிள்ளையின் எடைக்கும், அவன் ஓட்டும் விதத்துக்கும் ஏற்ப அமைக்க வேண்டும். இது பெரிய வித்தை அல்ல. ஒரு டேப்பும், ஒரு நோட்டுப் புத்தகமும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில் சக்கரங்களின் காற்றைப் பார்க்க வேண்டும். இந்த வண்டியின் டயர்களுக்கு மிகக் குறைந்த காற்றே போதும். கம்பெனி சொன்ன அளவு நான்கிலும் சரியாக இருக்க வேண்டும். காற்று தவறினால் மற்ற அளவுகள் எல்லாம் தவறாகிவிடும்.

அடுத்து, வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரங்களைத் தொங்க விட வேண்டும். சக்கரத்தின் அச்சிலிருந்து சட்டத்தில் ஒரு குறி வரை அளக்க வேண்டும். பிறகு வண்டியைக் கீழே இறக்கி, பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். ஹெல்மெட், பூட்ஸ், மார்புக் கவசம் எல்லாவற்றையும் அணிந்து உட்கார வேண்டும். அவையும் பாரம்தானே? இப்போது அதே இடத்தை மறுபடி அளக்க வேண்டும்.

இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம், ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியது என்று காட்டும். மொத்தம் போகக்கூடிய தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் சரி. அதாவது, சக்கரம் 6 அங்குலம் மேலும் கீழும் போகுமானால், பிள்ளை உட்கார்ந்ததும் 2 அங்குலம் இறங்க வேண்டும்.

ஒரு அங்குலம் கூட இறங்கவில்லையா? ஸ்பிரிங் அந்தப் பிள்ளைக்குக் கடினம். மூன்று அங்குலம் இறங்கிவிட்டதா? ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் வண்டியின் அடி தரையில் மோதும்.

ஸ்பிரிங்கின் மேல் இருக்கும் வளையத்தைத் திருகி இதைச் சரி செய்யலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வளையத்தை முறுக்கினால் ஸ்பிரிங்குக்குப் பலம் கூடிவிடும் என்று நினைக்கிறார்கள். கூடாது! வண்டியின் உயரம் மட்டுமே கூடும். வளையத்தை முழுவதும் தளர்த்திய பிறகும் வண்டி இறங்கவில்லை என்றால், அந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வேறு மெல்லிய ஸ்பிரிங் போடுவதே வழி.

பிள்ளைக்குப் பிள்ளை வேறு

ஒரே வயது, ஒரே எடை உள்ள இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அமைப்பு பொருந்துமா? பொருந்தாது.

ஒரு பையன் துணிச்சல்காரன். மேட்டைக் கண்டால் பறப்பான். அவன் இறங்கும்போது வண்டி பலமாக அமுங்கும். ஆகவே அமுங்கும் வேகத்தைக் கொஞ்சம் இறுக்கி வைக்க வேண்டும்.

மற்றொரு பையன் நிதானக்காரன். ஆசனத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டான். எழுந்து நின்று ஓட்டுகிறவனுக்கு முழங்கால்களே பாதி அடியை வாங்கிக் கொள்ளும். உட்கார்ந்தே ஓட்டுகிறவனுக்கு முதுகெலும்பு வாங்கும். அவனுக்கு அமைப்பு இளக்கமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது ஒரு சிறுமி. வளைவில் கெட்டிக்காரி. மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்து கொடுக்கும். நான்கு சக்கர வண்டி சாயாது. ஓட்டுகிறவர்தான் உடம்பை உட்பக்கம் சாய்க்க வேண்டும். எடை குறைந்த பிள்ளை எவ்வளவு சாய்ந்தாலும், உயரமான வண்டி கவிழப் பார்க்கும். ஆகவே அவளுடைய வண்டியைச் சற்றே தாழ்த்தி வைப்பது நல்லது. ஆனால் அடி தரையில் இடிக்கும் அளவுக்குத் தாழ்த்தக் கூடாது.

அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகமும் முக்கியம். சடக்கென்று எழுந்தால், பின்பக்கம் உதைத்துப் பிள்ளையைக் கைப்பிடிக்கு மேலே தூக்கி எறியும். மிக மெதுவாக எழுந்தால், அடுத்த மேடு வருவதற்குள் சக்கரம் பழைய இடத்துக்கு வராது. மேட்டுக்கு மேடு வண்டி தாழ்ந்து கொண்டே போகும்.

ஒரு சமயத்தில் ஒரு திருகைத்தான் மாற்ற வேண்டும். அதே தடத்தில் சில சுற்றுகள் ஓட விட வேண்டும். பிறகு பிள்ளையைக் கேட்க வேண்டும். பதிலை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பிள்ளை வளர வளர எடை கூடும். சென்ற ஆண்டு அமைத்தது இந்த ஆண்டு உதவாது.

பயந்தாங்கொள்ளி யார்?

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேட்டைக் கண்டதும் பிள்ளை வேகத்தைக் குறைக்கிறான். உடனே தகப்பனார் திட்டுகிறார். "பயந்தாங்கொள்ளி! அடுத்த வீட்டுப் பையனைப் பார்!" என்கிறார்.

பிள்ளை பயப்படுவது ஏன்? ஒவ்வொரு மேட்டிலும் ஆசனம் அவனை உதைக்கிறது. கை நடுங்குகிறது. பிரேக்கை எட்டிப் பிடிக்க முடியவில்லை. அதைச் சொல்ல அவனுக்கு வார்த்தை தெரியவில்லை. தவறு ஸ்பிரிங்கில் இருக்கிறது. திட்டு வாங்குவது பிள்ளை!

அவமானம் தாங்காமல் அடுத்த முறை அவன் வேகத்தைக் குறைக்க மாட்டான். விபத்துக்கு வழி அதுதான்.

பந்தயத்தில் பிள்ளைகளின் உயிர் போவதும் உண்டு. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் கீழே விழுந்து உயிர் இழந்தான். அந்த வார மீதிப் பந்தயங்கள் ரத்து செய்யப்பட்டன. கவசம், மருத்துவர், ஆம்புலன்ஸ் எல்லாம் உள்ள ஓடுதளத்திலேயே இந்த நிலை என்றால், ஏரித் தரையிலும் சாலையிலும் ஓட்டும் பிள்ளைகளின் கதி என்ன?

"ஓமலூருக்கு என்ன?"

"இது பணக்காரர் விளையாட்டு. ஓமலூரில் பந்தயத் தளம் கூட இல்லை. நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

நமக்கு உண்டு. வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தைப் பாருங்கள். அதிலும் இதே ஷாக் அப்சார்பர்தான். பல வண்டிகளில் அதன் அடியில் படிப்படியான வளையம் ஒன்று இருக்கும். ஒருவர் போகும்போது ஒரு படி. மனைவி, மக்களோடு போகும்போது வேறு படி. வண்டி வாங்கிய நாள் முதல் அதைத் தொடாதவர்களே அதிகம்!

இன்னொன்று. வற்றிய ஏரியைக் கண்டால் பிள்ளைகளுக்குக் கால் துறுதுறுக்கும். அப்பாவின் மோட்டார் சைக்கிள் சாவி ஆணியில் தொங்கும். 14 வயதுப் பையன் எடுத்துக் கொண்டு போய்விடுவான். "என் மகன் எப்படி ஓட்டுகிறான் பார்!" என்று பெருமைப்படும் தகப்பனார்களும் இருக்கிறார்கள். பெருமைப்படும் விஷயமா இது?

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ம் ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது வண்டிக்காரருக்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்சு கிடைக்காது.

ஆசையை அடைக்க வேண்டாம்

அப்படியானால் பிள்ளைகளின் ஆசையைப் பூட்டி வைப்பதா? வேண்டாம். நல்ல வழியில் திருப்பலாம்.

2015-ம் ஆண்டு பெங்களூர் வீரர் சி.எஸ்.சந்தோஷ், உலகின் மிகக் கடுமையான டக்கார் பந்தயத்தை ஓடி முடித்தார். இதைச் செய்த முதல் இந்தியர் அவரே. 2019-ம் ஆண்டு ஐஸ்வர்யா பிஸ்ஸே என்ற பெண், கரடுமுரடான பாதையில் நடக்கும் மோட்டார் சைக்கிள் உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவில் வெற்றி பெற்றார். துணிச்சல் மட்டும் இருந்தால் இத்தகைய வெற்றி கிடைக்காது. வண்டியும் ஆளும் ஒன்றாகப் பொருந்த வேண்டும்.

வண்டியைச் செய்வதிலும் புகழ் பெறலாம். மத்தியப் பிரதேசத்தில் உள்ள பீதம்பூரில், 2007-ம் ஆண்டு முதல் "பாஹா" என்ற போட்டி நடந்து வருகிறது. என்ஜினீயரிங் மாணவர்கள் தாங்களே கரடுமுரடான பாதைக்கான வண்டியைச் செய்து ஓட்ட வேண்டும். அந்தப் போட்டியில் பெட்ரோல் வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி எஞ்சின். அப்படியானால் வெற்றியைத் தீர்மானிப்பது எது? சட்டமும் ஸ்பிரிங்கும்தான்!

சேலத்திலிருந்து ஓமலூர் வரும் வழியில், கருப்பூரில் அரசு என்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது. 1966-ம் ஆண்டு தொடங்கியது. ஓமலூரிலோ கைத்திறன் மிகுந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கல்லூரியின் கணக்கும் பட்டறையின் கைப்பழக்கமும் ஒன்று சேர வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷாக் அப்சார்பரை ஆளுக்கு ஏற்ப அமைப்பது எப்படி என்று மெக்கானிக்குகளுக்கும் பெற்றோர்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

பூங்காக்களில் வண்டி வாடகைக்கு விடுவோருக்கும் பொறுப்பு உண்டு. காசைப் பார்த்து வண்டி கொடுக்கக் கூடாது. எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பிள்ளையின் கால் மிதியில் பதிகிறதா, விரல் பிரேக்கை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கைப்பிடியை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினாலும் வெளிப்பக்க முழங்கை மடங்கியே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிள்ளை விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு, மணிக்கட்டில் கட்டியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பெற்றோர்கள் பிள்ளையை ஏற்றக் கூடாது. கட்டிய பணம் போனால் போகட்டும்!

ஸ்பிரிங்கை மாற்றலாம். வளையத்தைத் திருகலாம். வண்டியையே விற்றுவிட்டு வேறு வாங்கலாம். பிள்ளையின் முதுகெலும்புக்கு மாற்று உறுப்பு எந்தக் கடையிலும் கிடையாது.