தூக்குமரத்தடியில் ஒரு திருவிழா

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலக் கடற்கரையில், பொஸ்ரனுக்கு வடக்கே, சேலம் என்றொரு சிறு நகரம் உண்டு. (தமிழ்நாட்டுச் சேலத்துக்கும் இதற்கும் பெயரொன்றைத் தவிர வேறு உறவில்லை.) ஏறத்தாழ 44,000 மக்கள் வாழும் இந்நகருக்கு, அண்மை ஆண்டுகளில் ஒக்டோபர் மாதத்தில் மாத்திரம் பத்து இலட்சம் பேரளவில் வந்து போகின்றனர். அவர்கள் காண வருவது சூனியக்காரிகளையும் பேய்களையுமாம்! கூரிய கறுப்புத் தொப்பி, விளக்குமாறு, பிளாஸ்ரிக் எலும்புக்கூடு, இருட்டியபின் வழிகாட்டியொருவனின் பின்னால் இடுகாட்டோரம் நடந்து திகிலடையும் பேய்ச் சுற்றுலா ஆகிய இவையே அங்கு விற்பனைச் சரக்குகள். 1982-ம் ஆண்டில் ஹலோவீன் நாளையொட்டிய சிறு கொண்டாட்டமாகத் தொடங்கியது, இன்று ஒக்டோபர் முழுவதையும் விழுங்கிவிட்டது.

விழா என்றதும் முகஞ் சுளிப்போர் அல்லர் நாம். அயர்லாந்து, ஸ்கொத்லாந்து உழவர்கள் குளிர்காலத்தின் வாயிலிலே கொண்டாடிய பழைய நாளொன்றின் வழிவந்தது ஹலோவீன். சிறுவர் வேடம் புனைந்து வீடு வீடாகச் சென்று இனிப்புக் கேட்பதை எவர் வெறுப்பர்? எமது வழக்கு அச்சிறுவர்களோடன்று. குற்றமற்ற மக்களைக் கொன்ற ஒரு பொய்யை, கொல்லப்பட்டோரின் ஊரிலேயே, கொல்லப்பட்டோரின் பெயராலேயே மறுபடியும் விற்கின்ற வாணிபத்தோடுதான் எமது வழக்கு.

1692-ம் ஆண்டின் தொடக்கத்தில், அன்று சேலம் கிராமம் எனப்பட்ட பகுதியில் (இன்று அது டன்வேர்ஸ் எனத் தனி ஊர்), சாமுவேல் பரிஸ் என்னும் பாதிரியாரின் வீட்டுச் சிறுமிகள் இருவர் வலிப்புற்றுக் கதறினர். பழி மூன்று பெண்கள்மீது விழுந்தது. ஒருத்தி பாதிரியாரின் அடிமையான ரிற்றுபா. இன்னொருத்தி வீடு வீடாகப் பிச்சையெடுத்த சேரா குட். மூன்றாமவள் நோயுற்று, நெடுநாள் கோவிலுக்குச் செல்லாதிருந்த சேரா ஒஸ்போன். அடிமை, பிச்சைக்காரி, ஊரோடு ஒட்டாதவள்! பேய் முதலிற் பிடித்தது யாரை என்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக. நிலத்தகராறும் குடும்பப் பகையும் பின்னர் இத்தீயை ஊரெங்கும் பரப்பின. 150 பேருக்கு மேல் குற்றஞ்சாட்டப்பட்டனர். பதினான்கு பெண்களும் ஐந்து ஆண்களும் தூக்கிலிடப்பட்டனர். குற்றச்சாட்டுக்குப் பதிலுரைக்க மறுத்த முதியவர் ஜைல்ஸ் கோரி கற்களின் கீழ் நசுக்கிக் கொல்லப்பட்டார். ஐவரேனும் சிறையில் மாண்டனர். சேரா குட்டின் கைக்குழந்தை சிறையிலே இறந்தது. நாலைந்து வயதே நிரம்பிய அவளது மற்றை மகளையும் விலங்கிட்டு வைத்தனர்.

அச்சிறையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கைதி தனது உணவுக்கும், தன்னைப் பிணித்த விலங்குக்குங்கூடத் தானே பணஞ் செலுத்த வேண்டும். லிடியா டஸ்ரின் என்னும் மூதாட்டியைக் குற்றமற்றவள் என்று 1693-ன் தொடக்கத்தில் நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் சிறைக் கட்டணத்தைச் செலுத்த வழியின்மையால் வெளிவர முடியாது, அதே ஆண்டு மார்ச்சில் அவள் சிறைக்குள்ளேயே இறந்தாள். ரிற்றுபாவின் கட்டணத்தை அவளது எசமானரான பாதிரியார் கொடுக்க மறுத்தார். ஓராண்டுக்கு மேல் அடைந்து கிடந்த அவளை, கட்டணத்தைச் செலுத்திய வேறொருவன் வாங்கிச் சென்றான். நள்ளிரவுப் பேய்க்கதை எதுவும் இந்தக் கணக்கேட்டைவிடக் கொடியதாக எமக்குத் தோன்றவில்லை.

எந்தச் சாட்சியத்தின் மேல் இம்மக்கள் தூக்கிலேற்றப்பட்டனர்? 'அவளுடைய ஆவியுரு இரவில் வந்து என்னைக் கிள்ளிற்று, கழுத்தை நெரித்தது' என்பதே பெரும்பாலும் சாட்சியம். குற்றஞ்சாட்டப்பட்டவள் அவ்வேளை தன் வீட்டிற் படுத்துறங்கினாள் என்பதை நிறுவியும் பயனில்லை. வந்தது அவளன்று, அவளது உரு! எழுபத்தொரு வயதான ரெபேக்கா நேர்ஸ் பக்தியிற் பெயர்பெற்றவர். யூரர்கள் முதலில் அவரைக் குற்றமற்றவர் என்றே தீர்த்தனர். தலைமை நீதிபதி ஸ்ரோற்றன் மீண்டும் ஆலோசிக்குமாறு அவர்களைத் திருப்பியனுப்பினார், தீர்ப்பு மாறியது, 1692 ஜூலை 19-ந் தேதி அவர் தூக்கிலேறினார். சூனியத்தை ஒப்புக்கொண்டு பிறரைக் காட்டிக்கொடுத்தோர் உயிர் தப்பினர். ஒப்புக்கொண்டபின் மனம் பொறாது தன் வாக்குமூலத்தை மறுத்த சாமுவேல் வோட்வெல் கொல்லப்பட்டார். 'நான் சூனியக்காரி அல்லேன்' என்ற அந்த ஒரு சொல்லுக்காகவே இவர்கள் உயிரைக் கொடுத்தனர்.

ஆர்தர் மில்லர் 1953-ல் தமது நாடகத்துக்குச் சேலத்தைத் தெரிந்தெடுத்தது தற்செயலன்று. கம்யூனிஸ்டுகளைத் தேடி வேட்டையாடிய மக்கார்த்தி காலத்திலும் பெயர்களைக் கேட்டனர்; பெயர்களைக் கொடுத்தோர் தப்பினர். 1956-ல் காங்கிரஸ் விசாரணைக்குழுவின் முன் நிறுத்தப்பட்ட மில்லர் பிறர் பெயரைச் சொல்ல மறுத்தார்; 1957-ல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார்; அத்தீர்ப்பு 1958-ல் நீக்கப்பட்டது.

இனி இன்றைய சேலத்தைப் பார்ப்போம். அந்நகரப் பொலிஸாரின் சின்னத்திலே விளக்குமாற்றின் மீதமர்ந்த சூனியக்காரி பறக்கிறாள். மக்களைப் பிடித்து விலங்கிட்ட அதிகாரத்தின் வாரிசுகள், பிடிபட்டவர்களைப் பற்றிய அவதூற்றையே தம் வாகனங்களில் அணிந்து செல்கின்றனர்! நகர உயர்பாடசாலையின் விளையாட்டு அணிக்கும் சூனியக்காரியே பெயர். சூனியக்காரியை நகைச்சுவை நாயகியாக்கிய தொலைக்காட்சித் தொடரொன்றின் கதாநாயகிக்கு, தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று 2005-ல் அந்நகரில் வெண்கலச் சிலை வைத்தது. பேய்ச் சுற்றுலாவோ இவை யாவற்றிலும் ஒரு படி மேலே செல்கிறது. ஆவியுரு உண்டு, அது அலைகிறது, உங்கள் தோளைத் தொடும் என்று 1692-ன் நீதிமன்றம் நம்பியதையே அது கூலிக்குச் சொல்கிறது.

'சுற்றுலா இல்லையேல் நகரம் பிழைப்பது எங்ஙனம்?' என்பர் சிலர். வயிற்றுப்பாட்டை இகழ்வோர் நாமல்லோம். நோம்கீக் பருத்தியாலை 1953-ல் மூடப்பட்டு உற்பத்தி தெற்கே கொண்டு செல்லப்பட்டதும், மலிவுக் கூலியைத் தேடி மூலதனம் ஓடியதும், நகரம் தன் கடந்த காலத்தை விற்கப் புறப்பட்டதும் ஒரே கதையின் பகுதிகள். அதே ஆலையில் 1933-ல், தொழிலாளி ஒருவர்மேல் மேலும் பல தறிகளைச் சுமத்தும் ஏற்பாட்டை எதிர்த்து, தமது சங்கத் தலைமையையும் மீறி வேலைநிறுத்தம் செய்தவர்களின் வரலாறும் அந்த மண்ணில்தான் கிடக்கிறது. அவர்கள் எவரும் பேயாக உலவாததால் போலும், அவர்களைக் காண ரிக்கற் விற்கப்படுவதில்லை.

'விழாவால் மக்கள் வரலாற்றைக் கற்கின்றனரே' என்ற வாதமும் உண்டு. நகரில் மனச்சாட்சியுள்ள வழிகாட்டிகளும் உளர். 1992-ல் எழுந்த நினைவிடத்தின் கல்லிருக்கைகளில் இறந்தோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தூக்கிலிட்ட இடமெனத் துணியப்பட்ட பாறைச்சரிவிலும் 2017-ல் ஒரு நினைவுச்சுவர் எழுப்பினர். ஆனால் கூட்டம் திரளும் மாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தூக்குகள் நிகழ்ந்தது ஜூன் முதல் செப்டம்பர் வரை. 1692 ஒக்டோபர் 29-ந் தேதி தேசாதிபதி பிப்ஸ் அந்நீதிமன்றத்தைக் கலைத்துவிட்டார். கொலை நின்ற மாதத்தைக் கொண்டாடுவதாயின் நாமும் கூடக் களிக்கலாமே! வந்தோரில் எத்தனை பேர் இதனை அறிந்து திரும்புகின்றனர்?

வரலாற்றைக் கற்பது எப்படி என்பதை அயலூரான வட அன்டோவரின் எட்டாம் வகுப்பு மாணவர் காட்டினர். மரணதண்டனை விதிக்கப்பட்டுத் தப்பிய எலிசபெத் ஜோன்சனின் பெயர், 1711 முதல் காலத்துக்குக் காலம் இயற்றப்பட்ட குற்றநீக்கச் சட்டங்கள் ஒன்றிலும் இடம்பெறாது விடுபட்டிருந்தது. அம்மாணவர் தம் ஆசிரியையுடன் பழைய ஏடுகளை ஆராய்ந்து சட்டசபைக்கு முறையிட்டனர். 2022-ல் அவள் குற்றமற்றவள் எனச் சட்டம் கூறிற்று. அவர்களுக்குக் கறுப்புத் தொப்பி தேவைப்படவில்லை.

சேலத்தில், அவ்வழக்குகளோடு நேரடித் தொடர்புடைய கட்டடங்களில் இன்றும் நிற்பது ஒன்றே. கைதானோரை விசாரித்த நீதிபதி ஜொனதன் கோர்வினின் வீடு அது. நகரத்துக்குச் சொந்தமான அவ்வீடு இன்று நூதனசாலை. அதற்கு இட்டுள்ள பெயர் 'சூனியக்காரி வீடு'. எந்தச் சூனியக்காரியும் அங்கு குடியிருந்ததில்லை. பலகையை மாற்றி 'நீதிபதியின் வீடு' என்றெழுத, ஒக்டோபர் மாத வருவாயில் ஒரு நாள் வருவாய்கூட வேண்டியதில்லை.